தொகுத்து ஓட்டுவதா, தவணைப்படி ஓட்டுவதா?

ஹட்டனுக்கு அருகில் சிறிய தேயிலைப் பொதியிடும் நிலையமொன்றில் மேற்பார்வையாளராக இருக்கும் வாசகி ஒருவர், தமது வேலைக் குறிப்பேட்டின் ஒரு வாரப் பக்கத்தையும் படமெடுத்து இணைத்து, நீண்ட கடிதமொன்று எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கத்தை மட்டும் தருகிறேன். நிலையத்தில் தேயிலைப் பை இயந்திரம் ஒன்றே ஒன்று இருக்கிறது. அதிலிருந்து வரும் பைகளை உறையிட்டுப் பெட்டியில் அடுக்கும் மேசைகளில் பெண்கள் வேலை செய்கிறார்கள். வெறும் கறுப்புத் தேயிலை, இஞ்சி, கறுவா, புதினா என நான்கு ரகங்கள் ஓடுகின்றன. ஒரே ரகத்துக்குக் கொழும்பு ஏற்றுமதியாளர் ஒருவரும் நுவரெலியா விடுதியொன்றும் வெவ்வேறு தவணைகளில், அதாவது சரக்குப் போய்ச் சேர வேண்டிய வெவ்வேறு நாள்களுக்கு, ஓடர் கொடுப்பது வழக்கம்.

முதலாளியின் கட்டளை, ஒரு ரகத்தைத் தொடங்கினால் அந்த ரகத்தில் கையிலுள்ள எல்லா ஓடர்களையும் முடித்துவிட்டே அடுத்ததைத் தொட வேண்டும் என்பது. முதலாளி கொழும்பு போயிருக்கும் வாரங்களில் வாசகி தம் விருப்பப்படி எந்த ஓடருக்குத் தவணை முந்தியதோ அதை முதலில் ஓட்டுகிறார். முதலாளி வழியில் ஓட்டிய வாரத்தில் புதன்கிழமை லொறிக்குப் புதினா ஓடர் போய்ச் சேரவில்லை. வாசகியின் வழியில் ஓட்டிய வாரத்தில் சனிக்கிழமை பிற்பகல் மேலதிக நேரம் ஓட வேண்டியிருந்தது. இரண்டு வாரமும் திட்டு வாங்கியது தாமே என்கிறார். நான்கு கேள்விகள் கேட்கிறார்: இருவரில் யார் சரி, கொழும்பில் வேலை செய்யும் உறவுத் தம்பி சொல்வதுபோல் அட்டவணை போடும் மென்பொருள் வாங்கலாமா, முதலாளி யோசிப்பதுபோல் தவணைமுறையில் இரண்டாவது இயந்திரம் எடுக்கலாமா, அவசரமென்றால் பெண்களை இரவில் நிறுத்தி வேலை வாங்கலாமா. கடைசியில், ‘நான் கணக்கில் கெட்டிக்காரி இல்லை, எளிமையாகச் சொல்லுங்கள்’ என்று ஒரு வரியும் இருக்கிறது.

அன்புள்ள சகோதரி,

கணக்கில் கெட்டிக்காரி இல்லை என்று எழுதிய நீங்கள், ஒவ்வொரு ஓடரும் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது, இடையில் இயந்திரம் எவ்வளவு நேரம் நின்றது என்பதையெல்லாம் பிசகில்லாமல் குறித்து வைத்திருக்கிறீர்கள். இருபது ஆண்டுகளாகத் தொழிற்சாலைகளுக்குப் போய்வரும் பொறியியலாளன் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிடப் பெரிய நிலையங்களிலும் இப்படியொரு பக்கத்தை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். கீழே சொல்லப்போவது முழுவதும் அந்தப் பக்கத்திலிருந்தே பிறந்தது.

இரண்டு விதிகளும் எங்கே சரி

முதலாளியும் நீங்களும் ஒருவரையொருவர் மறுப்பதாக நினைக்கிறீர்கள். உண்மையில் நீங்கள் இருவரும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். தவணை முந்தியதை முதலில் செய் என்ற உங்கள் விதி வெறும் வழக்கமன்று. ஓர் இயந்திரத்தில், மிக அதிகமாகத் தாமதமாகும் ஓடரின் தாமதத்தை இயன்றவரை குறைக்க அதைவிடச் சிறந்த வரிசை இல்லை என்று 1955ஆம் ஆண்டிலேயே ஜாக்சன் என்பவர் நிறுவியிருக்கிறார். ஆனால் அந்த நிரூபணத்துக்குள் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற நேரம் எதுவும் செலவாகக் கூடாது. மாறும்போதெல்லாம் இயந்திரம் நிற்குமானால் அந்த விதி தன் அதிகாரத்தை இழந்துவிடுகிறது.

முதலாளியின் விதிக்கும் வயது அதிகம். ஒருமுறை இயந்திரத்தை ஆயத்தம் செய்யும் செலவையும், செய்ததை வைத்திருக்கும் செலவையும் எதிரெதிரே நிறுத்தி, ஒரு தொகுதி எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று ஃபோர்ட் ஹாரிஸ் 1913இல் கணக்கிட்டார். ஆயத்தச் செலவு கூடினால் தொகுதி பெரிதாகட்டும் என்ற பாதியை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். வைத்திருப்பதற்கும் செலவு உண்டு என்ற மறுபாதியை மறந்துவிடுகிறார்கள். 4,000 அடிக்கு மேலே, பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வரும் ஊரில், ஈரத்தையும் அயல் வாசனையையும் உறிஞ்சும் தேயிலையை அவசரமில்லாமல் முன்கூட்டியே பையிலிட்டுக் களஞ்சியத்தில் அடுக்குவது இலவசமான காரியமன்று. தொழிலுக்கு வந்த புதிதில், நீண்ட ஓட்டமே இலாபம் என்று நானே ஒரு நிலையத்துக்கு எழுதிக் கொடுத்தேன். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் அங்கே புதினாப் பெட்டிகளும் வெறும் தேயிலைப் பெட்டிகளும் ஒரே அறையில் வாரக்கணக்கில் கிடந்து, எதைக் கொதிநீரில் போட்டாலும் லேசாகப் புதினா மணந்தது.

உங்கள் முதலாளிக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் மின்வெட்டுக் காலத்தில், மின்சாரம் இருக்கும் சில மணித்தியாலங்களைச் சுத்தம் செய்வதில் கழிக்க முடியாமல் அவர் இப்படி ஓட்டத் தொடங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு அது மிகச் சரியான முடிவு. காரணம் போன பிறகும் விதி மட்டும் தங்கிவிட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மாற்று நேரம் எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை. தேங்காய் அரைத்த அம்மியில் மிளகாய் அரைப்பதற்கு யாரும் அம்மியைத் தேய்த்துக் கழுவுவதில்லை. மிளகாய் அரைத்த அம்மியில் தேங்காய் அரைப்பதென்றால் கழுவாமல் முடியாது. உங்கள் குறிப்பேட்டில் வெறும் தேயிலை, இஞ்சி, கறுவா, புதினா என்று மணம் ஏறும் திசையில் மாறும்போது கடதாசிச் சுருளும் நூலும் நூல் நுனிச் சீட்டும் மாற்ற ஏறத்தாழ 1 மணித்தியாலம் போகிறது. மணம் இறங்கும் திசையில் தொட்டி, குழாய், அதிர்தட்டு எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, கொஞ்சம் வெறும் தேயிலையை ஓடவிட்டு எறிவதால் 3 மணித்தியாலம் போகிறது. ஆகவே எத்தனை முறை மாற்றினோம் என்பதைக் காட்டிலும் எந்தத் திசையில் மாற்றினோம் என்பதே பெரிய கேள்வி. உங்கள் கடிதத்தில் இருவர் தரப்பிலும் இந்தக் கேள்வி எழவே இல்லை.

அந்த வாரத்தின் கணக்கு

நீங்கள் அனுப்பிய வாரத்தில் 7 ஓடர்கள் இருக்கின்றன. இயந்திர நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வெறும் தேயிலையில் இரண்டு: ஒன்று 8 மணித்தியாலம், தவணை செவ்வாய் மாலை, மற்றது 5 மணித்தியாலம், தவணை சனி நண்பகல். இஞ்சியில் இரண்டு: 5 மணித்தியாலம், புதன் மாலை, 4 மணித்தியாலம், வெள்ளி மாலை. கறுவாவில் ஒன்று: 5 மணித்தியாலம், வியாழன் மாலை. புதினாவில் இரண்டு: 3 மணித்தியாலம், புதன் மாலை, 5 மணித்தியாலம், சனி நண்பகல். மொத்த ஓட்டம் 35 மணித்தியாலம். வார நாள் ஐந்துக்கும் எட்டெட்டு, சனிக்கு ஐந்து என்று கையிலிருப்பது 45. திங்கள் காலை இயந்திரத்தில் முந்தைய வாரத்து வெறும் தேயிலையே இருந்ததால் முதல் ஓடருக்கு ஆயத்த நேரம் தேவையில்லை.

உங்கள் வழியில், தவணை வரிசைப்படி, வெறும் தேயிலை, இஞ்சி, புதினா, கறுவா, இஞ்சி, வெறும் தேயிலை, புதினா என்று போனால் ஆறு மாற்றங்கள் நிகழ்கின்றன. அவற்றில் மூன்று, மணம் இறங்கும் மாற்றங்கள். மாற்று நேரம் மட்டும் 12 மணித்தியாலம். திங்கள் காலையிலிருந்து வேலை நேரத்தை மட்டும் எண்ணினால், கடைசிப் புதினா ஓடர் 47ஆவது மணித்தியாலத்தில் முடிகிறது, அதாவது 2 மணித்தியாலம் தாமதம். இயந்திரம் உயிரோடிருந்த நேரத்தில் நான்கில் ஒரு பங்கு சுத்தம் செய்வதிலும் சுருள் மாற்றுவதிலும் போயிருக்கிறது. வேலையாட்கள் மந்தமானவர்கள் என்று முதலாளி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குற்றச்சாட்டை உங்கள் குறிப்பேடே தள்ளுபடி செய்கிறது.

முதலாளி வழியில் நான்கு ரகங்களையும் மணம் ஏறும் வரிசையில் ஒருமுறை மட்டும் ஓட்டினால் மூன்று மாற்றங்கள், 3 மணித்தியாலம், எல்லாம் 38இல் முடிந்துவிடும். அழகான எண்தான். ஆனால் புதன் மாலை, அதாவது 24ஆவது மணித்தியாலத்தில் போக வேண்டிய புதினா ஓடர் 33இல், வெள்ளி காலையில், முடிகிறது. இயந்திரம் சும்மா இருக்கவில்லை என்று முதலாளி மகிழலாம், லொறி போய்விட்டது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். ‘என் வழியில் 2 மணித்தியாலம், அவர் வழியில் 9 மணித்தியாலம், ஆகவே நான் சரி’ என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். லொறி இருக்கும் ஊரில் தாமதத்தை மணித்தியாலத்தில் அளக்க முடியாது. லொறியைத் தவறவிட்டால் 2 மணித்தியாலமும் 9 மணித்தியாலமும் ஒன்றுதான், இரண்டுக்கும் அடுத்த லொறி வரை காத்திருப்பு. உங்கள் வாரத்துக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருந்தது, சனிக்கிழமை மேலதிக நேரத்தால் அதைச் சரிக்கட்ட முடிந்தது. முதலாளி வாரத்துக்கு அது இல்லை. அந்த அளவுக்கு நீங்கள் சரி. ஆனால் உங்கள் வரிசை, தான் ஏற்படுத்திய இழப்பைப் பெண்களின் சனிக்கிழமையிலிருந்து எடுத்துக் கொடுத்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி நடுவழி. வெறும் தேயிலை ஓடர்கள் இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள் (13இல் முடியும்). பிறகு முதல் இஞ்சி (19). உடனே சிறிய புதினா (23). இறங்கி வந்து கறுவா (31). இரண்டாவது இஞ்சி (38). கடைசியில் பெரிய புதினா (44). மாற்றங்கள் ஐந்து, மாற்று நேரம் 9 மணித்தியாலம். எந்த ஓடரும் தன் தவணையைத் தாண்டவில்லை. மிக நெருங்கியதற்கும் 1 மணித்தியாலம் மிச்சம் இருக்கிறது. வெறும் தேயிலையைத் தொகுத்தோம், இஞ்சியையும் புதினாவையும் பிரித்தோம். தொகுப்பது நல்லதா பிரிப்பது நல்லதா என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. எந்த ரகத்தைப் பிரித்தால் எந்தத் தவணை காப்பாற்றப்படுகிறது, அதற்கு எத்தனை மணித்தியாலம் விலை என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். மூன்று வரிசைகளுமே புதினாவில் முடிவதால், அடுத்த திங்களின் பெரிய சுத்தம் மூன்றுக்கும் பொதுவானது. அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்த 1 மணித்தியால மிச்சத்தைப் பற்றி ஒரு முக்கியமான எச்சரிக்கை உண்டு. உங்கள் நிலையத்தில் ஓர் ஓடரின் பைகள் முழுவதும் கூடைகளில் சேர்ந்த பிறகே மேசைக்குப் போகின்றன என்று, போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கடிதம் முழுவதிலும் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரி அதுதான். 8 மணித்தியால ஓடரை இயந்திரம் முடித்த பிறகு மேசை தொடங்கி, மேசைக்கும் 8 மணித்தியாலம் ஆகுமானால், மொத்தம் 16. மணித்தியாலத்துக்கு ஒருமுறை கூடையை நகர்த்தினால் மொத்தம் 9. காலையில் மேசைப் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதும், மாலையில் அவர்களே நின்று வேலை செய்ய வேண்டி வருவதும் பெரும்பாலும் இந்த ஒரு பழக்கத்தால்தான். இதை மாற்றாவிட்டால் நான் மேலே கொடுத்த வரிசையும் தோற்றுவிடும்: சிறிய புதினா இயந்திரத்தில் 23இல் முடிந்தாலும் மேசையில் 26இல்தான் முடியும், புதன் லொறி மறுபடியும் தவறும். கூடை மணித்தியாலத்துக்கு ஒருமுறை நகர்ந்தால் 24இல் முடிந்துவிடும். இயந்திரத்தில் தொகுத்து ஓட்டுவது வேறு, மேசைக்குத் தொகுத்து அனுப்புவது வேறு; முதலாவதற்குக் காரணம் உண்டு, இரண்டாவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

மென்பொருள் வேண்டுமா

உறவுத் தம்பி சொல்வதில் பாதி உண்மை. 7 ஓடர்களை 5,040 வகையாக அடுக்கலாம். 15 ஓடர்கள் ஆனால் அந்த எண்ணிக்கை 1.3 இலட்சம் கோடியைத் தாண்டும். எல்லாவற்றையும் பார்ப்பது மனிதரால் ஆகாதுதான். ஆனால் எல்லாவற்றையும் பார்க்கத் தேவையில்லை. மாற்று நேரம் உள்ள இயந்திரத்தில், மிகப் பெரிய தாமதத்தைக் குறைப்பதே நோக்கமானால், ஒரே ரகத்துக்குள் இருக்கும் ஓடர்களைத் தவணை வரிசையில் வைத்தாலே போதும் என்று மொன்மா, பொட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1989இல் காட்டினார்கள். நேராக மாறுவதைவிட இடையில் இன்னொரு ரகத்துக்குப் போய் மாறுவது குறைந்த நேரம் எடுக்கக் கூடாது என்பது அதற்கு நிபந்தனை. உங்கள் நிலையத்தில் அது பொருந்துகிறது. அந்த ஒரு விதியாலேயே 5,040 வரிசைகள் 630 ஆகக் குறைகின்றன. மணம் ஏறும் திசையையும் புதன் லொறியையும் மனத்தில் வைத்துப் பார்த்தால், மிஞ்சுவது கைவிரல்களுக்குள் அடங்கும்.

ஆகவே இப்போதைக்குப் பணம் கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். சுவரில் ஒரு பலகை, ரகத்துக்கு ஒரு நிறமாக அட்டைகள், மணித்தியாலத்துக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் அட்டையின் நீளம், மாற்று நேரத்துக்குச் சாம்பல் நிற அட்டை, இவ்வளவு போதும். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹென்றி காண்ட் வரைந்த பட்டை அட்டவணையின் ஏழை வீட்டுப் பிள்ளைதான் இது. சாம்பல் நிறம் பலகையில் அதிகமானால் தூரத்திலிருந்தே தெரியும். முதல் இரண்டு நாள்களின் அட்டைகளைப் பசை போட்டு ஒட்டிவிடுங்கள்; கொழும்பிலிருந்து யார் தொலைபேசியில் பேசினாலும் அவை அசையக் கூடாது. மற்ற நாள்களை ஒவ்வொரு மாலையும் மறுபடி அடுக்கலாம். ஓடர்கள் வாரத்துக்கு இருபதைத் தாண்டி, இயந்திரங்களும் இரண்டு மூன்றாகும் காலத்தில் தம்பியை மறுபடி கேட்போம். அப்போதும் மென்பொருளுக்குள் இடவேண்டியவை, நீங்கள் இன்று கையால் எழுதும் இதே மாற்று நேரங்கள்தான். அவை பிழையானால் கணினி பிழையான விடையை வேகமாகத் தரும்.

பலகைக்கு முன்னால் நிற்பதற்கும் முன்பாகச் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது, அதற்கு ஒரு தொலைபேசி அழைப்புத்தான் செலவு. சிறிய புதினா ஓடருக்குப் புதன் மாலை என்ற தவணையை வைத்தது யார்? வாங்குபவருக்கு உண்மையில் புதன்கிழமைதான் வேண்டுமா, அல்லது யாரோ பழக்கத்தால் எழுதிய நாளா? அவர் வெள்ளி மாலை போதும் என்று சொல்லியிருந்தால், முதலாளியின் தொகுத்த வரிசையே எல்லாத் தவணைகளையும் காத்து 38 மணித்தியாலத்தில் முடிந்திருக்கும்; என் நடுவழியைவிட 6 மணித்தியாலம் மிச்சம். தவணைகளை மலைபோல அசையாதவை என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவது எங்கள் துறையினர் எல்லோரும் செய்யும் தவறு.

மூன்று மணித்தியாலம் எங்கே போகிறது

இதுவரை மாற்று நேரத்தை விதியென ஏற்றுக்கொண்டு அதைச் சுற்றி அடுக்கினோம். அதையே குறைத்துவிட்டால் முதலாளிக்கும் உங்களுக்குமான வழக்கே பெரிதும் தளர்ந்துவிடும். ஜப்பானில் 1969இல் டொயோட்டா தொழிற்சாலையின் 1,000 தொன் அழுத்த இயந்திரமொன்றில் அச்சு மாற்ற 4 மணித்தியாலம் ஆனதை, ஷிகேயோ ஷிங்கோ முதலில் ஒன்றரை மணித்தியாலமாகவும் பின்னர் 3 நிமிடமாகவும் குறைத்தார். அவருடைய முறையின் முதுகெலும்பு ஒரே ஒரு கேள்வி: இயந்திரம் நின்றால்தான் செய்யக்கூடியது எது, ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்து வைக்கக்கூடியது எது?

உங்கள் 3 மணித்தியாலத்தை இந்தக் கேள்வியோடு பாருங்கள். அடுத்த ரகத்தின் சுருளும் உறையும் களஞ்சியத்திலிருந்து வருவது இயந்திரம் நின்ற பிறகுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் வந்து காத்திருக்கலாம். தொட்டியையும் குழாயையும் இயந்திரத்திலேயே வைத்துத் துடைக்கிறீர்கள். புதினாவுக்கென்று இன்னொரு தொட்டியும் குழாயும் துருப்பிடிக்காத உருக்கில் செய்து வைத்துவிட்டால், கழற்றி மாட்டுவது மட்டுமே இயந்திரம் நிற்கும் வேலை, துடைப்பது பிறகு ஆறுதலாக நடக்கும். இயந்திரத்தின் அளவுகளைத் தெரிந்த பட்டறைக்காரர் ஒருவரால் செய்ய முடிந்த வேலை இது. ஈரத் துணியால் துடைக்கவே வேண்டாம். உலர்ந்த தூரிகையும் உறிஞ்சு கருவியும் போதும், ஈரம் தேயிலைக்குப் பகை. புதினாவிலிருந்து இறங்கும் மாற்றம் இப்படி 1 மணித்தியாலமானால், மேலே சொன்ன நடுவழி 44இலிருந்து 42ஆகும்.

இரண்டாவது இயந்திரம்

தவணைமுறையில் எடுக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில்: இன்றைக்கு வேண்டாம், ஒருவேளை நாளைக்கு. வாரத்தில் 45 மணித்தியாலம் இருக்க 35 மணித்தியால ஓட்டத்துக்கே திணறுவது இயந்திரம் போதாமையால் அன்று. கூடையை நகர்த்தி, தொட்டியைப் பிரித்து, தவணைகளை விசாரித்து, இரண்டு மாதம் ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகும் ஓட்டம் மட்டுமே 40ஐத் தாண்டினால் யோசிக்கலாம். அப்போதும் முதலாளி விசாரிப்பதாகச் சொன்ன வேகமான புதிய இயந்திரத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழையதாக, மெதுவானதாக இருந்தாலும் புதினாவுக்கு மட்டுமென்று ஒதுக்கிய சின்ன இயந்திரம், வேகமான இயந்திரம் தர முடியாத ஒன்றைத் தரும்: பெரிய சுத்தங்களில் பாதி இல்லாமலே போய்விடும். வட்டி கட்டும் கடன் சிறியதாக இருக்கும் என்பது கூடுதல் நன்மை.

இரவு வேலை

நான் பொறியியலாளன், சட்டத்தரணி அல்லன். என்றாலும் இதில் மௌனமாக இருக்க முடியாது. பெண்கள், இளம் ஆட்கள், பிள்ளைகளைத் தொழிலில் ஈடுபடுத்துவது பற்றிய 1956ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டம், எந்தப் பெண்ணையும் அவளது விருப்பத்துக்கு மாறாக இரவில் வேலை செய்யக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. தொழில் ஆணையாளரின் எழுத்து மூல அனுமதி முன்கூட்டியே வேண்டும். காலை 6 முதல் மாலை 6 வரையிலான பகல் வேலையில் இருந்தவரை இரவு 10 மணிக்குப் பின் நிறுத்தக் கூடாது. இரவு வேலைக்குச் சாதாரணக் கூலியின் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் 10 இரவுகளுக்கு மேல் கூடாது. ‘அவர்களே சம்மதித்தார்கள்’ என்று வாயால் சொல்வது அனுமதிக் கடிதத்துக்கு ஈடாகாது. மேற்பார்வையாளர் என்ற முறையில் உங்கள் கையொப்பம் வருகைப் பதிவேட்டில் இருக்கும் என்பதால், முதலாளி சொன்னார் என்பது உங்களைக் காப்பாற்றும் என்று எண்ணியிருக்க வேண்டாம். உங்கள் பகுதித் தொழில் திணைக்கள அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். சட்டம் ஒருபுறம் இருக்க, இருட்டிய பிறகு தேயிலை மலைக்குள் லயன் வீடுகளுக்குத் தனியே நடந்து போகும் பாதையில் சிறுத்தை நடமாட்டம் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சனி பிற்பகல் 2 மணித்தியாலம் மேலதிகமாக ஓடியதற்கு வாகனம் ஏற்பாடு செய்யாத முதலாளி, இரவுக்குச் செய்வார் என்று எனக்குத் தோன்றவில்லை.

முதலாளியிடம் எப்படிப் பேசுவது

‘உங்கள் முறை தவறு’ என்று தொடங்காதீர்கள். அது முழு உண்மையுமன்று. மூன்று வரிசைகளையும் அட்டைகளால் பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி, புதன் லொறி, சனி லொறி இரண்டுக்கும் சிவப்புக் கோடு போட்டு, அவரையே நின்று பார்க்கச் சொல்லுங்கள். மாற்று நேரம் குறைய வேண்டும் என்ற அவருடைய கவலையை நீங்களும் பகிர்கிறீர்கள் என்பதற்கு, புதினாத் தொட்டி யோசனையே சான்று. அதை முதலில் சொல்லுங்கள், வரிசை மாற்றத்தைப் பிறகு சொல்லுங்கள். ஒரு மாதத்துக்கு மட்டும் சோதித்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். மழைக்காலமானால் கினிகத்தேனைக்குக் கீழே மண் சரிந்து வீதி மறிபடும் நாள்களும் வரும். அத்தகைய வாரத்தில் எந்த வரிசையும் பழிக்குத் தப்பாது என்பதால், சோதனையை அப்போது தொடங்க வேண்டாம். திங்கள் முதல் வெள்ளிக்குள் போயா (முழுநிலா நாள்) விடுமுறை விழும் வாரத்தில் கையிலிருப்பது 45 அன்று, 37 என்பதையும் பலகையில் முன்பே வெட்டிக் காட்டிவிடுங்கள்.

இரண்டு வாரங்களுக்குத் திட்டு வாங்கியது நீங்கள்தான் என்று எழுதியிருந்தீர்கள். குறிப்பேட்டை நிறுத்திவிடாதீர்கள். மாற்றம் ஒவ்வொன்றுக்கும் எந்த ரகத்திலிருந்து எந்த ரகத்துக்கு, கடைசி நல்ல பை விழுந்த நேரம், அடுத்த ரகத்தின் முதல் நல்ல பை விழுந்த நேரம் என மூன்று பத்திகள் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதினாத் தொட்டியைப் பொருத்திய பிறகு நான்கு வாரப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்புங்கள். மேலே நான் எல்லா இறக்கத்துக்கும் பொதுவாகப் போட்ட 3 என்ற எண்ணைக் கறுவாவிலிருந்து இறங்குவதற்கு வேறாகவும் புதினாவிலிருந்து இறங்குவதற்கு வேறாகவும் பிரித்து, வரிசையை மறுபடி போட்டுத் தருகிறேன்.